கை நில்லு

குத்துச்சண்டை கமிஷன் அதிகாரி ரிங்குக்குள் ஏறியதும் முதல் வேலையாக முதுகைக் கயிற்றில் சாய்த்துப் பார்த்தார்.

கயிறு அசையவில்லை. சுவரில் சாய்ந்த மாதிரி நின்றார். எதிர்ப்பக்கம் போய்ச் சாய்ந்தார். அங்கேயும் சுவர்தான்.

கீழே நின்றுகொண்டிருந்த மேஸ்திரி அவர் முகத்தையே பார்த்தாள்.

மேஸ்திரி என்பது அவள் பெயர் அல்ல. மொத்தச் சந்தையில் மூட்டை ஏற்றி இறக்கும் குழுவை அவள் நடத்த ஆரம்பித்த பிறகு சந்தை வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதை யாரும்மா கட்டினது?" என்றார் அதிகாரி.

"எங்கப்பா சார்."

"லாரிக்கு லோடு கட்டுறவரா?"

"ஆமா சார்."

"தெரியுது." அதிகாரி கயிற்றை விரலால் சுண்டினார். வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தது. "அடி வாங்கிட்டுப் பின்னால வர்றவன் இதுல மோதினா கழுத்து என்ன ஆகும்? கயிறு ஆளைக் கொஞ்சம் வாங்கிக்கிட்டுத்தான் திருப்பி அனுப்பணும். இது வாங்கவே மாட்டேங்குதே."

அப்பா மூலைக் கம்பத்தருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திருகாணிகளைக் கடப்பாரை கொடுத்து முறுக்கியவர் அவர்தான்.

"நான் கட்டின கயிறு மலைப்பாதையில கூட தளர்ந்தது கிடையாது," என்றார், யாருக்கோ சொல்வது போல.

"அதுதாம்பா இப்ப பிரச்சினை," என்றாள் மேஸ்திரி.

அதிகாரி எதையும் குறித்துக்கொள்ளவில்லை. ஒருகாலத்தில் நடுவராக இருந்தவர். அதற்கும் முன்னால் அவரே அடி வாங்கியிருக்க வேண்டும், ஒரு காது கசக்கி எறிந்த காகிதம் மாதிரி இருந்தது. இந்த ஆள் திட்டிவிட்டுப் போனால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. எதையும் எழுதாமல் பார்க்கிறவரை என்ன செய்வது?

குழுவின் ஆட்களை நான்கு மூலைக்கும் அனுப்பினாள். திருகாணிகளை ஒன்றாகத் தளர்த்தச் சொன்னாள். தானே ரிங்குக்குள் ஏறிக் கயிற்றில் முதுகைக் கொடுத்தாள். கயிறு மெல்ல இளகியது, அவள் எடையை வாங்கியது, அவளை முன்னால் தள்ளியது.

"கை நில்லு," என்றாள்.

நான்கு மூலையிலும் கைகள் அப்படியே நின்றன. அரைச் சுற்று திருப்பியவன் அரைச் சுற்றிலேயே நின்றான்.

சந்தையில் அவள் போட்டு வைத்திருக்கிற சத்தம் அது. பலகை வழுக்கினாலோ, எவனாவது கால் இடறினாலோ, அவள் அந்தச் சத்தம் கொடுத்தால் யார் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். தலைக்கு மேல் மூட்டை இருந்தாலும் சரி. கேட்காதவனுக்கு மறுநாள் வேலை இல்லை. அப்பாவுக்கும் அதே சட்டம்தான்.

அதிகாரி மறுபடி சாய்ந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இறுக்கம்தான். ஆனா சட்டத்துக்குள்ள வந்துடுச்சு," என்று இறங்கிப்போய் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்திருந்த இடம் மொத்தச் சந்தையின் ஏலக் கூடம். மற்ற நாட்களில் வெங்காய மூட்டைகள் கூரை முட்ட நிற்கும். விடுமுறை நாளில் காலி. என்னதான் கழுவினாலும் தரையிலிருந்து அந்த நெடி போகவில்லை.

இந்த நாற்காலியில் இந்த மனிதரைக் கொண்டுவந்து உட்காரவைக்க அவள் ஏறி இறங்காத படி இல்லை. குற்றவழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்று. சண்டை பாதியில் நின்றாலும் சண்டைக்காரனுக்குக் கூலி போய்ச் சேரும் என்பதற்கு ஈடாக வங்கி உத்தரவாதம். அதற்கு வீட்டை எழுதிக் கொடுத்திருந்தாள். ரிங்கில் ஏறும் ஒவ்வொருவருக்கும் காப்பீடு. கூடத்துக்கு ஒப்பந்தம், டாக்டருக்கு ஒப்பந்தம், ஆம்புலன்ஸுக்கு ஒப்பந்தம். கடைசியாக நேர்காணல்.

போன வாரம் நடந்த அந்த நேர்காணலில் கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்: "மூட்டைக் கூலி வேலை நல்லாத்தானே போகுது? இது எதுக்கு உங்களுக்கு?"

"என் தம்பி குத்துச்சண்டைக்காரன் சார். அவன் கூட நான் போகாத கூடம் இல்ல. ஒரு இடத்துல டாக்டர் குடிச்சிட்டு வந்திருந்தார். ஒரு இடத்துல ஆம்புலன்ஸே இல்ல, விழுந்தவனை மீன் வண்டியில ஏத்துனாங்க. இதை ஒழுங்கா நடத்த முடியாதான்னு கேட்டேன். முடிஞ்சா நீ நடத்துன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். எங்கள் ஆள் வந்து பார்ப்பார், அவர் சரி என்றால்தான் முழு லைசென்ஸ் என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை. சண்டை நடத்துகிறவர் எந்தச் சண்டைக்காரனுக்கும் மேனேஜராக இருக்கக் கூடாது. கூலி கொடுக்கிற கையும் கூலி பேசி வாங்குகிற கையும் ஒரே உடம்பில் இருக்க முடியாது.

தம்பி முதல் சண்டை போட்ட நாளிலிருந்து அவனுக்கு மேனேஜர் அவள்தான். அந்த மேஜையிலேயே விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து தம்பி அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

*

தம்பியை எல்லோரும் சம்மட்டி என்பார்கள். அவன் வலது கை அப்படி. எடைபோடும் அறையைத்தான் அன்றைக்கு உடைமாற்றும் அறை ஆக்கியிருந்தார்கள். மேஸ்திரி உள்ளே போனபோது அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி தரையில் மண்டியிட்டு அவன் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். டிக்கெட் விற்பது, கணவனின் கையில் துணி சுற்றுவது, மாமனாரை அதட்டுவது, மூன்றும் அன்றைக்கு அவள் பொறுப்பு.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள் மேஸ்திரி.

"சரியா இருக்கு மேடம்," என்றான் தம்பி.

"யாருடா மேடம்?"

"சண்டை நடத்துறவங்களை வேற எப்படிக் கூப்பிடுறது? எனக்கு மேனேஜர் கூட இல்ல. கோச் பாவப்பட்டு இன்னிக்கு ஒரு நாளைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கார். அனாதைப் பிணத்துக்குப் போடுற மாதிரி."

"வாய் மட்டும் குறையல."

"குத்துறதுக்குக் கை, திட்டுறதுக்கு வாய். வேற என்ன இருக்கு என்கிட்ட."

தம்பி மனைவி தலை தூக்காமலே சொன்னாள். "அண்ணி, கையை ஆட்ட வைக்காதீங்க. அப்புறம் சுத்து தளர்ந்துடும். எங்க வீட்டுல தளர்த்தியா கட்டத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. தம்பி சிரிக்கவில்லை. அவள் வெளியே வந்தாள். அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்றிருந்தது. உன்னை விட்டுவிடவில்லை, நீ விழுந்தால் மீன் வண்டியில் போகக் கூடாது என்றுதான் இதெல்லாம். ஆனால் அந்த மாதிரி வார்த்தைகள் அவர்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

*

முதல் சண்டை சுத்தமாக முடிந்தது. இரண்டாவது சண்டை பெயிண்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும். பகலில் சுவருக்கு வண்ணம் அடிக்கிறவனும் அதே சுவருக்குள் ஒயர் இழுக்கிறவனும்.

மூன்றாவது ரவுண்டில் பெயிண்டர் இடது கையைத் தாழ்த்தினான். ஒரு விநாடி இருக்கும். எலக்ட்ரீஷியனின் குத்து தாடையில் இறங்கியது. பெயிண்டர் கயிற்றில் போய் மோதினான். கயிறு அவனை வாங்கிக்கொண்டது, திருப்பித் தள்ளியது. அவன் முகம் குப்புற விழுந்தான். கைகள் முன்னால் வரவில்லை.

கூட்டம் கத்தியது. நடுவர் எண்ணுவதை விட்டுவிட்டு இரு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார். சண்டை முடிந்தது, டாக்டர் வரலாம் என்று அர்த்தம்.

டாக்டருக்கு முன்னால் அப்பா கயிற்றுக்குள் நுழைந்துவிட்டார். பின்னாலேயே குழுவின் ஆட்கள். ரிங்கைச் சுற்றிக் காவலுக்கு நிறுத்தியவர்கள். உள்ளே ஏறக் கூடாது என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் காது கேட்டதைக் கை கேட்கவில்லை.

சந்தையில் ஒருவன் மூட்டையோடு விழுந்தால் இந்தக் கைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துவது. விழுந்தவன் கிடந்தால் அன்றைய கூலி போச்சு, நாளைக்குக் கூப்பிட மாட்டார்கள். எப்படியாவது நின்றுவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று கணக்கு. அப்படி நிறுத்தி வைக்கப்பட்டுத்தான் அவர்கள் எல்லோருமே பிழைத்து வந்திருந்தார்கள். அதைவிடப் பெரிய உதவி ஒரு மனிதனுக்கு மனிதன் செய்ய முடியும் என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

அப்பாவின் கை பெயிண்டரின் அக்குளுக்குள் போய்விட்டது. இன்னொருவன் அந்தப் பக்கம் தோளைப் பிடித்தான். தலை ஒரு பக்கமாகத் தொங்கத் தொடங்கியது.

"கை நில்லு!"

கூடமே அடங்கியது.

அப்பா குனிந்தபடி நின்றார். தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. ஒருவன் ஒற்றைக் காலைக் கயிற்றுக்குள் வைத்தபடி நின்றான்.

டாக்டர் அந்த ஆண்களின் நடுவே புகுந்து மண்டியிட்டாள். பெயிண்டரின் தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவரே, உங்க கையை மெதுவா உருவுங்க. மெதுவா. ஆளை அசைக்காம."

அப்பா கையை உருவினார். தூங்குகிற குழந்தைக்கு அடியிலிருந்து கையை எடுப்பது போல.

*

பெயிண்டருக்கு நினைவு வந்தது. தன் பெயரைச் சொன்னான், கிழமையைத் தப்பாகச் சொன்னான். கழுத்தில் பட்டை கட்டி, பலகையில் கிடத்தி, ஸ்கேன் எடுக்க அனுப்பினாள் டாக்டர். வாசலில் இருந்த ஒரே ஆம்புலன்ஸ் அவனோடு போயிற்று.

அது கிளம்பும்போதே மேஸ்திரி தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். அழைத்தால் வருவதற்கு இன்னொரு வண்டியைப் பேசி வைத்திருந்தாள். வண்டி ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. வருகிறோம் என்றார்கள்.

வாசலில் ஆம்புலன்ஸ் இல்லாமல் மணி அடிக்கக் கூடாது. கமிஷனின் விதி.

அடுத்தது தம்பியின் சண்டை. கூட்டம் வந்ததே அதற்குத்தான். முதலில் கைதட்டினார்கள். பிறகு காலால் தரையைத் தட்டினார்கள். பிறகு மணியை அடி, மணியை அடி என்று தாளம் போட்டார்கள்.

எதிராளி ஒரு பஸ் கண்டக்டர். அவனுடைய கோச் வந்தார். "நாங்க ரெடிங்க. ஆரம்பிச்சிடலாம். முதல் ரவுண்டு முடியறதுக்குள்ள வண்டி வந்துடும்."

அப்பாவும் வந்தார். "டாக்டர் இருக்காங்கல்லம்மா. கூட்டம் நாற்காலியைத் தூக்கிப் போட்டா அதுவும் உன் தலையிலதான் விடியும். ஒரு ரவுண்டு மெதுவா ஆடச் சொல்லு."

"மெதுவா ஆடுறதுக்கு அது கும்மியாப்பா?"

ஓரத்து நாற்காலியில் அதிகாரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆரம்பி என்றோ நிறுத்து என்றோ. சொல்ல மாட்டார். அதற்குத்தான் வந்திருக்கிறார்.

மேஸ்திரி ரிங்கில் ஏறி மைக்கை வாங்கினாள்.

"ஒரு வண்டி ஆளை ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. இன்னொரு வண்டி வந்துட்டிருக்கு. அது வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் மணி அடிக்க மாட்டேன். இருக்க முடியாதவங்களுக்கு டிக்கெட் காசு வாசல்ல திருப்பித் தருவாங்க."

கூச்சல் எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "உன்கிட்டதான் லோடு வண்டி இருக்கே மேஸ்திரி. விழுந்தா அதுல தூக்கிப் போட்டுக்க."

சிரிப்பு அலையாக வந்தது.

"உன்னை வேணா அதுல ஏத்துறேன்," என்றாள் மேஸ்திரி. "மூட்டைக்கு வாங்குற கூலியே வாங்கிக்கிறேன். இவங்களை ஏத்த மாட்டேன். இவங்க மூட்டை இல்ல."

சிரிப்பு பக்கம் மாறியது. கேலி செய்தவனைச் சுற்றியிருந்தவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். சிலர் எழுந்து வாசலுக்குப் போனார்கள். பெரும்பாலானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் இறங்கியபோது தம்பி மனைவி கீழே காத்திருந்தாள்.

"அண்ணி, வண்டி வந்த உடனே மணி அடிச்சிடாதீங்க. என் ஆளுக்கு உடம்பு ஆறிப்போச்சு. மறுபடி சூடேத்த நேரம் வேணும். அந்தப் பக்கத்துக்கும் அதே நேரம் கொடுங்க, யாரும் குறை சொல்லக் கூடாது."

"கூட்டம் இன்னும் காத்திருக்கணுமே."

"காத்திருக்கும். இவ்வளவு நேரம் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்க வெச்சீங்க. அவருக்காகவும் கொஞ்சம் வைங்க."

கேட்கிற முறையில் கேட்டாள். கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. 'என் ஆள்' என்று அவள் சொன்னது மேஸ்திரியின் காதில் விழுந்தது. யோசிக்க நேரமில்லை.

"சரி. தர்றேன்."

வண்டி வந்தது. மேஸ்திரி பின்கதவைத் திறந்து பார்த்தாள். ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன், ஆட்கள், எல்லாம் இருந்தன. வண்டி நேராக வெளியேற வழி விட்டு நிறுத்தச் சொன்னாள். இரண்டு பேருக்கும் சூடேற்றிக்கொள்ள நேரம் கொடுத்தாள். பிறகுதான் நேரம் பார்க்கிறவருக்குத் தலையாட்டினாள்.

மணி அடித்தது.

சம்மட்டி அன்றைக்கு வலது கையை நம்பவில்லை. இடது கையாலேயே தூரத்தை அளந்தான், தள்ளினான், நகர்ந்தான். கண்டக்டர் நெரிசலில் வளர்ந்தவன், இடுக்கில் புகுந்து விலாவில் கொடுத்தான். கடைசி ரவுண்டில் இரண்டு பேருமே மூச்சு வாங்கினார்கள், இரண்டு பேருமே பின்வாங்கவில்லை. முடிந்ததும் ஒருவர் தோளில் ஒருவர் தலை வைத்து நின்றார்கள். ரிங்குக்கு வெளியே புள்ளி போடுகிற மூன்று பேரில் இரண்டு பேர் தம்பிக்கும் ஒருவர் கண்டக்டருக்கும் தீர்ப்பளித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று இரண்டு பேருக்கும் கைதட்டியது. நாற்காலி எதுவும் பறக்கவில்லை.

மேஸ்திரி சண்டையைப் பாதிதான் பார்த்தாள். மீதி நேரம் அவள் கண் வாசலில் நின்ற வண்டியின் மேல் இருந்தது.

*

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டருக்குத் தகவல் வந்தது. தலையில் ரத்தக்கசிவு இல்லை. கழுத்தெலும்பில் மயிரிழை அளவு கீறல்.

"தூக்கி நிறுத்தியிருந்தா?" என்று கேட்டார் அப்பா.

டாக்டர் பொய் சொல்லவில்லை. "சொல்ல முடியாது. கையும் காலும் போயிருக்கலாம்."

அப்பா தன் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தார். ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். மேஸ்திரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தனை பேரை அப்படித் தூக்கி நிறுத்தியிருப்பேன்," என்றார்.

"தெரியாம செஞ்சதுப்பா."

"அதான். தெரியாமலே." தலையைத் தூக்கி, "உன் சத்தம் நல்லா கேட்டுது," என்றார். அப்பாவின் வாயிலிருந்து அவளுக்கு அதுவரை கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது.

அதிகாரி கிளம்புகிற நேரத்தில் அவளைத் தேடி வந்தார்.

"நான் பார்த்த கூடங்கள்ல பாதி பேர் ஆளைத் தூக்கி ஸ்டூல்ல உட்கார வெச்சிடுவாங்க. மீதி பேர் வண்டி இல்லாமலே மணி அடிச்சிடுவாங்க. படிச்சவங்க, பணம் வெச்சிருக்கிறவங்க, எல்லாரும்தான்." பையைத் தோளில் மாட்டினார். "உங்க ஆளுங்க ரிங்குக்குள்ள ஏறினது தப்பு. அதை எழுதுவேன். நின்னதையும் எழுதுவேன். லைசென்ஸ் வரும்."

அவள் அவர் பின்னாலேயே நடந்தாள். கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

வாசல்வரை போனவர் திரும்பினார். "உங்க வீட்டுலேருந்து இன்னொரு விண்ணப்பமும் வந்திருக்கு. தெரியும்ல?"

"என்ன விண்ணப்பம்?"

"ஓ," என்றார் அதிகாரி. கசங்கிய காதைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

*

எடை அறையில் தம்பி விலாவில் ஐஸ் பையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். ஒரு கண் மூடிப் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் மற்றக் கண் கொஞ்சம் இளகியது போல இருந்தது.

"அக்கா," என்றான். மேடம் போய்விட்டது. "அந்தப் பெயிண்டர் எப்படி இருக்கான்?"

"பொழைச்சுக்கிட்டான்."

"மணி அடிக்காம நின்னியே. உள்ள உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன்." மூச்சை இழுத்தான், விலா வலித்தது. "அப்புறம் நானும் அப்படித்தானே விழுவேன்னு தோணுச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

அவள் அவன் தலையில் கை வைத்தாள். ஈரமாக இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"லைசென்ஸ் வந்துடும்ங்கிறார். அடுத்த நிகழ்ச்சியிலயும் கண்டக்டரையும் உன்னையும் மறுபடி போடலாம்னு இருக்கேன். கூட்டம் கேக்குது. நீ என்ன சொல்ற?"

தம்பி ஐஸ் பையை மறுபக்கம் மாற்றினான். உதடு வீங்கியிருந்தாலும் சிரிப்பது தெரிந்தது.

"என்கிட்ட கேக்காதக்கா. என் மேனேஜர்கிட்ட பேசு."

"யாருடா உன் மேனேஜர்?"

டிக்கெட் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த தம்பி மனைவி சாவியை இடுப்பில் செருகினாள். முந்தானையில் கை துடைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள். எதிரே இன்னொன்றைப் போட்டாள்.

"நாளைக்கு எனக்கு மேனேஜர் லைசென்ஸுக்கு நேர்காணல் அண்ணி. நீங்க போன அதே அறைதான். உட்காருங்க, இன்னிக்கே பேசி வெச்சிக்கலாம்."

மேஸ்திரி உட்கார்ந்தாள். லாரி முதலாளிகளிடமும் ஏலக்காரர்களிடமும் பேரம் பேசும்போது செய்கிற மாதிரி நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள். கூடவே உள்ளுக்குள் ஒரு பெருமை. இந்தப் பெண்ணைப் போய் இத்தனை வருடம் கையில் துணி சுற்றுகிறவள் என்று நினைத்திருந்தோமே.

"முதல் விஷயம்," என்றாள் தம்பி மனைவி. "மாமா கட்டின கயிறு இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு. அடுத்த தடவை என் ஆள் ஏறுறதுக்கு முன்னாடி நானே சாஞ்சு பார்ப்பேன். சரின்னு நான் சொன்னாத்தான் அவர் ஏறுவார்."

"சரி."

"ரெண்டாவது, அவர் வலது கை..."

தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். அவன் மனைவி எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.